ஒன்றாம் சேனல் ஜின்சன்

என் அண்ணன் ஜின்சனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. வண்டன்மேடு, குமுளி, கட்டப்பனை வட்டாரத்தில் பாதிப் பேருடைய கல்யாணத்தை நடத்தி வைத்த பெரிய மனிதன் அவன். மாதா கோயிலில் சாமியார் செபம் சொல்லுவார், அண்ணன் கேமராவுக்குப் பின்னாலிருந்து "ஒன்ஸ் மோர்" சொல்லுவான். மாப்பிள்ளைகள் சாமியார் பேச்சைவிட அவன் பேச்சைத்தான் அதிகம் கேட்டிருக்கிறார்கள். கட்டிய தாலியை அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டு என்று சொன்னால்கூட, ஏன் எதற்கு என்று கேட்காமல் கட்டியிருக்கிறார்கள். அப்படிப்பட்டவனுக்குத்தான் இன்னும் ஆகவில்லை.

ஏன் என்று கேட்பவர்களுக்கு நான் கட்டப்பனையில் நடந்ததைச் சொல்வேன். அங்கே பெண் பார்க்கப் போயிருந்தோம். நல்ல குடும்பம். பெண் நர்ஸ் படித்தவள். டீத் தட்டோடு வந்து அண்ணன் முன்னால் நின்றாள். அவன் டீயை எடுக்கவில்லை. தலையைச் சாய்த்து அவளையே பார்த்தான். பையனுக்குப் பிடித்துவிட்டது என்று எங்கள் அம்மா கத்தரீனாளுக்கு வாயெல்லாம் பல். அப்போது அவன் வாயைத் திறந்து, "கொஞ்சம் சன்னல் பக்கமா நகந்து நில்லுங்க, இடது கன்னம் இருட்டடிக்கி" என்றான். அந்தப் பெண்ணும் நகர்ந்து நின்றாள், அதுதான் வேடிக்கை. அடுத்து பெண்ணின் அப்பாவை எழுந்து தள்ளி நிற்கச் சொன்னான், அவருடைய நிழல் விழுகிறதாம். அவர் எழுந்தார். எழுந்தவர் அப்படியே எங்களுக்கு வாசலைக் காட்டினார்.

பிறக்கும்போதே இப்படி இல்லை. எங்கள் அப்பா மிக்கேல்ராஜ் ஏலக்காய் ஸ்டோரில் காய் உலர்த்துகிற வேலையில் இருந்தார். நாங்கள் மூன்று பிள்ளைகள். மூத்தவன் ஜின்சன், நடுவில் ஜெஸ்னாவாகிய நான், கடைக்குட்டி ஜிஸ்மி. ஜின்சன் பள்ளிக்கூடம் முடித்ததும், ஏலக்காய் ஏலத்துக்குப் போகிற ரோட்டில் ஒரு சின்ன அறை பிடித்து ஸ்டுடியோ போட்டான். பாஸ்போர்ட் படம், கோயிலில் முதன்முதலாக நன்மை வாங்குகிற பிள்ளைகளின் புதுநன்மைப் படம் என்று ஒழுங்காகத்தான் பிழைத்துக்கொண்டிருந்தான். அந்தக் காலத்தில் ஃப்ளாஷ் கேமராவின் தலைமேலேயே உட்கார்ந்திருக்கும். நேராக மூஞ்சியில் அடிக்கும். படத்தில் எல்லோரும் போலீஸ்காரன் டார்ச்சில் அகப்பட்ட திருடன் மாதிரி முழிப்பார்கள். யாருக்கும் அதில் ஒரு குறையும் இருந்ததில்லை.

அப்புறம் யாரோ வெள்ளைக்காரன் பேசுகிற வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்தான், எங்கள் நிம்மதி போயிற்று. ஃப்ளாஷைக் கேமராவிலிருந்து கழற்ற வேண்டுமாம். தனியாக ஒரு ஸ்டாண்டில் மாட்டிப் பக்கத்தில் நிறுத்த வேண்டுமாம். பேட்டரி உள்ளேயே இருப்பதால் காடு மேடு எங்கே வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகலாமாம். நியாயமாகச் சொன்னால் அதில் விஷயம் இருந்தது. மலை உச்சியில், மாலை வெயிலுக்கு முதுகைக் காட்டி மணமக்களை நிறுத்தினால் வானம் நன்றாக விழும், முகம் கரிக்கட்டையாகிவிடும். முகத்தைச் சரிசெய்தால் வானம் வெளுத்துப்போகும். பக்கத்திலிருந்து இந்த ஃப்ளாஷை அடித்தால் வானமும் இருக்கும், முகமும் இருக்கும். அவன் எடுத்த முதல் படத்தைப் பார்த்து நானே அசந்துபோனேன். அதை ஒத்துக்கொள்வதில் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

ஆனால் அதோடு நிறுத்தினானா? சாப்பாட்டு மேசையில் மீன் குழம்புக்கு வெளிச்சம் சரியில்லை என்று பல்பை மாற்றினான். எங்கள் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், மாரப்பன் என்ற பெரியவர் இறந்தபோது, அடக்கத்துக்குப் படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். இவன் ஸ்டாண்டும் ஃப்ளாஷும் அதன் முன்னால் மாட்டுகிற பெரிய வெள்ளைத் துணிப்பெட்டியுமாகப் போய் இறங்கினான். செத்தவர் முகத்துக்குப் பக்கவாட்டு வெளிச்சம் வேண்டுமாம். தலைமாட்டில் அழுதுகொண்டிருந்த பெண்களைக் கால்மாட்டுக்குப் போய் அழச் சொன்னான். அவர்களும் போய் அழுதார்கள். அவன் சொன்னால் மனிதர்கள் நகர்ந்துவிடுவார்கள், அப்படி ஒரு ராசி.

என் விதியைப் பாருங்கள், எனக்கு வாய்த்தவரும் போட்டோகிராபர். பெயர் ஜோபி, குமுளியில் ஸ்டுடியோ. எங்கள் கல்யாணத்துக்குப் படம் எடுத்தது அண்ணன். மணமகன் என்றால் மணமகனாக நிற்க வேண்டியதுதானே? ஜோபி தாலியைக் கையில் வைத்துக்கொண்டு, ஃப்ளாஷை இன்னும் கொஞ்சம் இடது பக்கம் நகர்த்தச் சொன்னார். சாமியார் உட்பட எல்லோரும் இடது பக்கம் பார்த்தோம். அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு, நீ தாலியை மட்டும் கட்டு என்றான். ஆல்பம் வந்தபோது தாலி கட்டுகிற படத்தில் ஜோபி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். விருந்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்த இடத்தில், சொந்தபந்தம் எல்லோர் முன்னாலும், தான் அதில் வேகவைத்த கப்பைக்கிழங்கு மாதிரி இருப்பதாகச் சொன்னார். இருப்பதுதானே விழும் என்று அண்ணன் சொன்னான். மாட்டுக்கறி வருவதற்கு முன்னாலேயே இலையை விட்டு எழுந்தும் போய்விட்டான். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. ஏழு வருஷம்.

இதற்குப் பிறகு இவர்கள் ஆடிய கூத்து புரிய வேண்டுமானால் அந்த ஃப்ளாஷ் வேலை செய்கிற விதம் தெரிய வேண்டும். கேமராவின் தலையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பெட்டி இருக்கும், அதற்கு ட்ரிகர் என்று பெயர். பட்டனை அழுத்தினால் அது வயர் இல்லாமலே தூரத்திலிருக்கும் ஃப்ளாஷுக்குச் சொல்லும், ஃப்ளாஷ் அடிக்கும். பக்கத்தில் வேறு யாராவது அதே சாமானோடு நின்றால் குழம்பக்கூடாதே என்று அதில் சேனல் எண்கள் வைத்திருக்கிறார்கள். ஒருவர் ஒன்றில் இருந்தால் மற்றவர் இரண்டுக்கோ மூன்றுக்கோ மாறிக்கொள்ளலாம். மாற்ற ஒரு விரல் போதும். ஜின்சனும் ஜோபியும் ஒரே கம்பெனி சாமானை எர்ணாகுளத்தில் ஒரே கடையில் வாங்கியிருந்தார்கள். பேச்சுத்தான் இல்லையே தவிர, ஒருவர் என்ன வாங்கினார் என்பது மற்றவருக்கு அன்றைக்குச் சாயங்காலமே தெரிந்துவிடும். இரண்டு பேருடையதும் கடையிலிருந்து வந்தபடியே ஒன்றாம் சேனலில் இருந்தன.

கல்யாண மாதங்களில் ராமக்கல்மேட்டில் அவுட்டோர் படத்துக்கு ஜோடிகள் வரிசையில் நிற்கும். அங்கே அடிக்கிற காற்றில் எந்த ஸ்டாண்டும் நிற்காது. துணிப்பெட்டி காற்றை வாங்கிக்கொண்டு ஆளையே இழுத்துக்கொண்டு போகும். அதனால் ஜோபிக்கு ஸ்டாண்டு நான்தான். காலையில் ஸ்டோரில் ஏலக்காய் தரம் பிரித்துவிட்டு, மத்தியானம் மேட்டில் அந்தக் கம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பேன். எதிர்ப் பாறையில் அண்ணன் இன்னொரு ஜோடியோடு நிற்பான். அவனுடைய ஃப்ளாஷை மணமகளின் தாய்மாமன் யாராவது பிடித்திருப்பார்.

அண்ணன் அங்கே பட்டனை அழுத்தினால் என் கையிலிருக்கும் ஃப்ளாஷ் இங்கே அடிக்கும். ஒரு தடவை அடித்தால் அது மூச்சு வாங்கிக்கொள்ளக் கொஞ்ச நேரம் வேண்டும். சரியாக அந்த நேரத்தில் ஜோபி அழுத்துவார், படத்தில் மணமக்கள் கரிக்கட்டையாக விழுவார்கள். உடனே இவருக்குக் கோபம் வந்து வேண்டுமென்றே நாலு தடவை சும்மா அழுத்துவார். எதிர்ப் பாறையில் தாய்மாமன் கையில் டப் டப்பென்று தானாக அடிக்கும். அந்த மனிதர் வெலவெலத்துப்போய்ச் சிலுவை போட்டுக்கொள்வார். அண்ணன் பதிலுக்கு ஐந்து தடவை அழுத்துவான். கடைசியில் இரண்டு ஃப்ளாஷும் சூடாகி நின்றுவிடும், சூரியனும் யாரையும் பார்க்காமல் இறங்கிப் போயிருக்கும். இரண்டு ஜோடிகளும் குளிரில் நடுங்கிக்கொண்டு என்னைப் பார்ப்பார்கள், ஏதோ நான் காரணம் என்பதுபோல.

நம்பரை மாற்றினால் என்ன என்று ஜோபியிடம் கேட்டேன். உங்கள் அண்ணன் மாற்றட்டும் என்றார். அண்ணனிடம் போய்க் கேட்டேன். ஒன்றாம் சேனலுக்கு முதலில் வந்தது அவன்தானாம். இரண்டுக்கு இறங்கிப் போனால் வண்டன்மேட்டில் தலைநிமிர்ந்து நடக்க முடியாதாம். அவனுடைய சேனல் நம்பரை விசாரித்துவிட்டு யாரும் அவனுக்கு வணக்கம் வைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. நானே ஒருநாள் ஜோபிக்குத் தெரியாமல் மூன்றாம் நம்பருக்கு மாற்றி வைத்தேன். கண்டுபிடித்துவிட்டு, பிறந்த வீட்டுக்கு வேலை பார்க்கிறாயா என்று கேட்டு, அன்றைக்குச் சோறு வேண்டாம் என்று படுத்துவிட்டார். நல்லது என்று நானும் பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

இதற்கு நடுவில் அப்பா போய்விட்டார். நெஞ்சுவலி, ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. அடக்கத்தில் பெட்டியின் ஒரே பக்கத்தைத்தான் அண்ணனும் ஜோபியும் தூக்கினார்கள். தோளோடு தோள் உரசியது, வாய் திறக்கவில்லை. அம்மா அன்றைக்கு வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டாள், இந்த இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிவிட்டால் நடந்தே வருகிறேன் என்று. மாதாவுக்கு வேறு அவசர வேலைகள் இருந்திருக்கும் போல.

போன வருஷம் ஜிஸ்மிக்கு ஆனக்கரையில் மாப்பிள்ளை அமைந்தது. எங்கள் மேட்டுக் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணப் பெண்ணைக் காரில் கோயில் வாசலுக்கே கொண்டுபோக மாட்டார்கள். கீழே, குகை மாதிரி கல்லடுக்கிக் கட்டிய மாதா கெபியில் இறக்குவார்கள். அங்கே அவள் மெழுகுதிரி கொளுத்துவாள். பிறகு அவள் அப்பா கையைப் பிடித்து, ஏலச் செடிகளுக்கு நடுவே ஏறுகிற படிப்பாதையில் மேலே கூட்டிப்போவார். வாசலில் நிற்கும் சாமியார் தீர்த்தம் தெளித்து, அப்பா கையிலிருந்து பெண்ணை வாங்கி உள்ளே அழைத்துப்போவார். அப்பா இல்லாத பெண்ணுக்கு அண்ணன். அது ஒரு சின்னத் தூரம்தான். ஆனால் எங்கள் பக்கத்துப் பெண்கள் தாலியைவிட அந்தத் தூரத்தை அதிகம் நினைத்துக்கொள்வார்கள். என்னை அப்பா கூட்டிப்போனார். ஜிஸ்மி அப்போது எனக்குப் பின்னால் பூக்கூடையோடு வந்தாள்.

வீட்டில் உடனே சண்டை. அந்தப் படிப்பாதை இருக்கிறதே, அதுதான் இந்த வட்டாரத்திலேயே படத்துக்கு நல்ல இடமாம். அங்கே நான்தான் எடுப்பேன் என்று அண்ணன். மூத்த மருமகன் நான் இருக்கும்போது வேறு யார் எடுப்பது என்று ஜோபி. இரண்டு பேரும் வேண்டாம், தேனியிலிருந்து ஆளைக் கூப்பிடுவோம் என்று அம்மா சொன்னாள். அதை எதிர்ப்பதில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே மனது. வெளியாள் வந்து நம் பிள்ளை முகத்தை மாவு பூசின மாதிரி ஆக்கிவிடுவான் என்று ஒரே வார்த்தையைத் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள்.

ஜிஸ்மி இதிலெல்லாம் தலையிடுகிறவள் இல்லை. அப்பாவின் செல்லப் பிள்ளை, அதிகம் பேசமாட்டாள். ஒருநாள் என்னைக் கூட்டிக்கொண்டு நேராக அண்ணன் ஸ்டுடியோவுக்குப் போனாள்.

"அண்ணே, படம் யாரு எடுத்தாலும் எனக்கு ஒண்ணுதான். எடுக்கலன்னாலும் சரிதான். அப்பா இடத்துல நீ என் கையப் பிடிச்சிக் கூட்டிட்டுப் போகணும். நான் கேக்கறது அது ஒண்ணுதான்" என்றாள்.

ஜின்சனுக்குக் கண் கலங்கிவிட்டது. நடிப்பில்லை, உண்மையாகவே கலங்கியது. கேமராவைத் தொடவே மாட்டேன், ஜோபியே எடுக்கட்டும், உன் கையை விடமாட்டேன் என்று சொன்னான். அன்றைக்கு அவன்மேல் எனக்கு அவ்வளவு பாசம் வந்தது. புதுச் சட்டை தைத்தான், ஷூ வாங்கினான். வேகமாக நடந்துவிடக்கூடாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடந்து பழகினான். என்னைக் கேட்டால் நன்றாகத்தான் நடந்தான்.

கல்யாணத்தன்று பூசைக்கு முதல் மணி அடிக்கிற நேரத்தில் மூடுபனி இறங்கியது. எங்கள் பக்கத்தில் அதை மஞ்சு என்போம். கெபியே பாதிதான் தெரிந்தது. நான் வழக்கம்போல ஸ்டாண்டு. சொந்தத் தங்கச்சி கல்யாணத்தில், பட்டுச் சேலையை இடுப்பில் ஏற்றிச் செருகிக்கொண்டு, தோளில் கம்பைச் சாய்த்துக்கொண்டு படிப்பாதையின் நடுவில் நின்றேன். ஜோபி என் பக்கத்தில் கேமராவோடு கீழே பார்த்து நின்றார். ஜிஸ்மி மெழுகுதிரி கொளுத்தினாள். அண்ணன் அவள் கையைப் பிடித்தான். இரண்டு பேரும் ஏற ஆரம்பித்தார்கள்.

ஜோபி அழுத்தினார். என் ஃப்ளாஷ் அடித்தது. மஞ்சு முழுக்க வெள்ளையாகி எங்களுக்கு முன்னால் துணி கட்டினதுபோல நின்றது. மஞ்சுக்குள் நேராக வெளிச்சம் அடித்தால் மஞ்சுதான் விழும், ஆள் விழமாட்டார். ஜோபி பவரைக் கூட்டினார். கூட்டினால் இன்னும் வெள்ளை. நான் கீழே பார்த்தேன். அண்ணன் நின்றுவிட்டான். தலையைச் சாய்த்து என் கையிலிருந்த ஃப்ளாஷையே பார்த்துக்கொண்டிருந்தான். கட்டப்பனையில் டீயை எடுக்காமல் பார்த்தானே, அதே முகம். வேண்டாம் என்று தலையாட்டினேன். மஞ்சில் தெரிந்திருக்காது.

"மாப்ள" என்றான்.

ஏழு வருஷத்துக்கு அப்புறம் முதல் வார்த்தை. பின்னால் வந்த சொந்தக்காரர்கள் அப்படியே நின்றார்கள். ஜோபி கேமராவைக் கண்ணிலிருந்து எடுத்துவிட்டு வாயைத் திறந்தபடி பார்த்தார்.

"லைட்ட அங்க வெக்காதீங்க. வெள்ளச் செவருதான் விழும். செடிக்குள்ள கொண்டுபோயி, பின்னால இருந்து அடிங்க."

"செடிக்குள்ள ஜெஸ்னாவால நிக்க முடியாது மச்சான்."

"நான் பிடிக்கேன்."

ஜிஸ்மியிடம் திரும்பி, "ஒரு நிமிஷம்மா" என்றான். கையை விட்டான். இரண்டிரண்டு படியாக ஏறி வந்து என் தோளிலிருந்த கம்பை வாங்கிக்கொண்டு, புது ஷூவோடு ஏலச் செடிகளுக்குள் இறங்கிவிட்டான். கணுக்கால் வரை சேறு. அப்புறம் அவர்கள் பேசின பேச்சு இருக்கிறதே, ஏழு வருஷத்துக்கும் சேர்த்து வைத்திருந்தது அத்தனையும் கொட்டியது. பவரைக் குறையுங்கள் என்றான் இவன், குறைத்தாச்சு மச்சான் என்றார் அவர். இன்னும் வலது பக்கம் என்றார் அவர், இது போதுமா மாப்ள என்றான் இவன். நடுவில் அண்ணன், சேனல் எது என்று கேட்டான். ஒன்று என்று ஜோபி சொன்னார். ஒன்றே இருக்கட்டும் என்று அண்ணன் சொன்னான். என்ன ஒரு பெருந்தன்மை!

பின்னால் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, பேசிவிட்டார்களா, பேசிவிட்டார்களா என்று கேட்டு அழுதாள். யாரோ கைகூடத் தட்டினார்கள். எல்லோருக்கும் சந்தோஷம். படியில் ஜிஸ்மி மட்டும் தனியாக நின்றாள். அண்ணன் விட்ட கை அப்படியே கொஞ்சம் முன்னால் நீட்டினபடி இருந்தது. அதை மடக்கிக்கொள்ளக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

மேலே பாட்டு ஆரம்பித்துவிட்டது. சாமியாருக்கு உதவியாக இருக்கிற உபதேசியார் வாசலிலிருந்து கையை ஆட்டிக் கூப்பிட்டார். நான் செடிகளைப் பார்த்து, பூசைக்கு நேரமாகிறது, அவள் நிற்கிறாள், வா அண்ணே என்று கத்தினேன். அவன் செடிக்குள்ளிருந்து பதில் சொன்னான், அவளை நகராமல் நிற்கச் சொல், இப்போதுதான் அடிபொளி வெளிச்சம் என்று. அவன் சொன்னால் மனிதர்கள் கேட்பார்கள் என்றேனே, ஜிஸ்மியும் அதுவரை நகராமல்தான் நின்றாள்.

பிறகு என்னைப் பார்த்தாள். செடிப் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

"அக்கா, நீ வா" என்றாள்.

இடுப்பில் செருகியிருந்த சேலையை இறக்கிவிட்டேன். கையில் கம்பின் அழுக்கு இருந்தது, முந்தானையில் துடைத்துக்கொண்டு கீழே இறங்கி அவள் கையைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது. அவள் என் விரலை நசுக்குகிற மாதிரி பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் ஏறினோம். ஜோபி எங்களைப் பார்த்தபடியே பின்னோக்கி ஏறிக்கொண்டு எடுத்தார். சொல்லப்போனால் அண்ணனும் கூடத்தான் வந்தான், செடிகளுக்குள்ளேயே வாசல் வரைக்கும், கம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. மஞ்சு இருந்தது நல்லதாய்ப் போயிற்று, இல்லையென்றால் நான் அழுததை ஊரே பார்த்திருக்கும்.

வாசலில் சாமியார் என்னைப் பார்த்துவிட்டு, அண்ணன் எங்கே என்று கேட்டார். வருகிறான் சாமி என்றேன். அவர் எட்டிப் பார்த்தார். அண்ணனும் ஜோபியும் தோளோடு தோள் சேர்ந்து குனிந்து கேமராவின் திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சாமியார் தீர்த்தம் தெளித்து, என் கையிலிருந்து ஜிஸ்மியை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

இன்றைக்கு அவர்கள் இரண்டு பேரையும் பிரித்துப் பார்க்க முடியாது. குமுளியில் ஒரே ஸ்டுடியோ, ஒரே போர்டு, ஒரே சேனல். ஒருவர் எடுத்தால் மற்றவர் வெளிச்சம் பிடிக்கிறார். எனக்கு ஸ்டாண்டு வேலை போய்விட்டது, ஏதோ அந்த மட்டும் லாபம். அம்மா வேளாங்கண்ணிக்கு நடக்க முடியாமல் பஸ்ஸில் போய்விட்டு வந்தாள். அந்தப் படம் வேறு ஊரெல்லாம் சுற்றுகிறது. பின்னால் மஞ்சு முழுக்கப் பொன்னாக எரிய, நடுவில் ஜிஸ்மி, கசங்கின சேலையோடு நான். கல்யாணம் பேச வருகிற பெண்கள் எல்லோரும் போனில் அதைக் காட்டி, இதே மாதிரி வேண்டும் என்கிறார்கள். இதே மாதிரி வேண்டுமானால் முதலில் ஒரு அண்ணன் கையை விட வேண்டும் என்று நான் சொல்ல வாயெடுப்பேன், ஜோபி என் காலை மிதிப்பார்.

ஜிஸ்மி அண்ணனிடம் சண்டை போடவில்லை. அவனைக் கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டாள். அவனாகப் போன் செய்தால், அக்காவிடம் சொல்லியிருக்கிறேன் என்று வைத்துவிடுவாள். புது வீடு, வேலை அதிகம் என்று அண்ணன் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். முகத்தில் அரை இஞ்சு நிழல் விழுந்தால் கண்டுபிடிக்கிறவனுக்கு இது புரியவில்லை பாருங்கள்.

போன மாதம் அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டு, கண்ணாடி ப்ரேம் செய்து, மூன்று பேருமாக ஆனக்கரைக்குக் கொண்டுபோனோம். அண்ணன் அதைச் சுவரில் சாய்த்து வைத்தான். சன்னல் திரையை இழுத்துவிட்டான், கண்ணாடியில் வெளிச்சம் அடிக்கிறதாம். ஜிஸ்மியின் மாமியார் பார்த்துவிட்டு, நல்லாயிருக்கு என்று சொல்லி டீ போட உள்ளே போனார். ஜிஸ்மி படத்தின் முன்னால் வந்து நின்றாள்.

"இத இங்க மாட்டுனா வாரவங்க எல்லாரும் கேப்பாங்கண்ணே, பொண்ணோட அண்ணன் எங்கேன்னு" என்றாள்.

அண்ணன் அதற்காகவே காத்திருந்தவன்போல எழுந்து போய், படத்தில் எங்களுக்குப் பின்னாலிருந்த பொன் வெளிச்சத்தில் விரலை வைத்தான். இந்த வெளிச்சம் முழுக்க நான்தான் என்றான். முகமெல்லாம் சிரிப்பு. ஜோபியும் பெருமையாகத் தலையாட்டினார்.

"ஒரு நிமிஷம்னு சொல்லிட்டுப் போன. நான் நின்னேன். நீ திரும்பியே பாக்கல."

"வெளிச்சம் தப்பா இருந்திச்சும்மா. படம் கெட்டுப்போயிருக்கும்."

"கெட்டா கெடட்டும்னு விட்டிருக்கணும்ணே. அப்பாவா இருந்தா இருட்டுலயும் என்னைய விட்டிருக்க மாட்டாரு."

அவள் சத்தம் போடவில்லை. சொல்லிவிட்டு மாமியாருக்கு உதவி செய்ய அடுக்களைக்குப் போய்விட்டாள். ஜோபி ஏதோ சொல்ல வந்தார், நான் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார். அண்ணன் படத்திலிருந்து விரலை எடுத்தான். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, முகத்தைக் கையால் மூடிக்கொண்டு அழுதான். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் எழுந்து போய் அவன் தோளைத் தொடவில்லை.